லேட் மான்சூனுக்கு ஒரு குட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் சென்னியப்பன் வந்திருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குதிரைப் பண்ணை அவருடையது. முப்பது பெண்குதிரைகள், அவற்றின் குட்டிகள், போன மாதம் புனேயிலிருந்து கொண்டுவந்து இறக்கிய புதுப் பொலிகுதிரை ஒன்று. எங்களிடம் இருப்பது நான்கு ஏக்கரும் ஒரே ஒரு குதிரையும்.

வேலிக்கு வெளியே நின்றபடியே லேட்டுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க லேட்டு சும்மாதானுங்க நிக்கறா. நம்ம குதிரைக்கு இதுதான் மொத வருசம். நாலு எடத்துல குட்டி உழுந்தாத்தான் அதும் பேரு வெளிய தெரியும். ஒருக்கா கூட்டியாங்க. எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மார்ச் பாதிக்குள் சொன்னால் போதும் என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? லேட்டுவின் முழுப்பெயர் லேட் மான்சூன். நான் சென்னையில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது எங்கள் லாயத்தில் இருந்தவள். இப்போது ஒன்பது வயது. பத்தொன்பது பந்தயம் ஓடி இரண்டில் ஜெயித்தாள், இரண்டும் கடைசி வகுப்புப் பந்தயங்கள். அவள் தகப்பனுக்கு இப்போது யாரும் பெண்குதிரை அனுப்புவதில்லை. தாய் ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. கடைசி ஓட்டத்தில் முன்னங்கால் நரம்பு வீங்கியது. முதலாளி "நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டார். அந்த வருடமே நானும் வேலையை விட்டுவிட்டு உடுமலைப் பக்கம் வந்துவிட்டேன்.

தொழில் தெரிந்த எவனும் இவளிடம் குட்டி எடுக்கச் சொல்லமாட்டான். நானும் தொழில் தெரிந்தவன்தான். ஆனாலும் மத்தியானம் சாப்பிடும்போது அந்தக் குட்டி என்ன நிறத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் இரண்டு முறை ரசம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 5, புதன்

கிழக்கு வேலியில் மூன்று கல் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தினேன். வேண்டாம் என்று சென்னியப்பனிடம் சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

அவள் நிற்பதைப் பக்கவாட்டில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆழமான மார்பு, சாய்ந்த தோள், நேரான பின்னங்கால். குணம் தங்கம். லாடம் அடிக்கும்போது தூங்குவாள். வம்சத்தில் வேகம் இல்லைதான். ஆனால் பொலிகுதிரையிடம் வேகம் இருக்கிறது. இவளிடமிருந்து பொறுமையும் அதனிடமிருந்து வேகமும் வந்தால் போதாதா? எதிர்மாறாக வந்தால் என்ன செய்வது என்றும் எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோவிலுக்குப் போய் வந்ததும் எஸ்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் குட்டி ஓடலன்னா என்ன பண்ணுவீங்க?"

"நாமளே வச்சுக்கலாம்."

"முப்பது வருஷம் வாழுற உயிருங்க அது. நமக்கு இப்பவே என்ன வயசு?"

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

"உங்களுக்குக் குட்டி வேணுமா, இல்ல அது ஜெயிக்கணுமா?"

இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகக் கேள்வி கேட்டுப் பழகியவள். எந்தக் கேள்வியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் வேலி ஓரமாக நான்கு சுற்று நடந்தேன். ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை.

லேட்டு ஒரு நல்ல குட்டி போட்டால் அந்தக் கடைசி ஓட்டத்தை யாரும் நினைக்கமாட்டார்கள். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் வேறு ஒரு பெயர் நிற்கும். அவளுக்காகத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

டாக்டர் நஸ்ரீன் வந்தார். சென்னியப்பன் பண்ணைக்கு வாரம் இரண்டு முறை வருகிறவர். போகும் வழியில் இங்கே வந்து ஸ்கேன் செய்தார். கருப்பை சுத்தமாக இருக்கிறது, ஒன்பது வயதில் முதல் குட்டி என்பது கொஞ்சம் தாமதம்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். இன்னும் பத்து நாளுக்குள் பருவத்துக்கு வருவாளாம்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு கேள்விகள் கேட்டார். வயிற்றுவலி வந்ததுண்டா, மயக்க ஊசி போட்டபோது தொந்தரவு இருந்ததா, பல், குளம்பு.

"ஓடும்போது எப்பவாவது மூக்குல ரத்தம் வந்திருக்கா சார்?"

"இல்லை."

"இவங்க அம்மா வழியில யாருக்காவது?"

"தெரியல டாக்டர்."

"சிலது வம்சத்துல வருதுன்னு சொல்றாங்க. உறுதியாச் சொல்ல முடியாது. அதான் கேட்டுவச்சேன்."

அவருக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டியின் அடியில் பாசி பிடித்திருக்கிறது. தேங்காய் நார் வைத்துத் தேய்த்ததில் மத்தியானம் முழுவதும் போய்விட்டது. தொட்டி சுத்தமாக இருந்தால் லேட்டு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறாள். தீவனத்துக்குப் போட்ட குதிரைமசால் இரண்டாவது அறுப்புக்கு வந்துவிட்டது. நாளை அறுக்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

குதிரைமசால் அறுக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

லேட்டுவின் தாய்க்கு மொத்தம் ஆறு குட்டிகள். மற்ற ஐந்தும் என்ன ஆயின என்று பழைய ஆட்களிடம் விசாரித்தேன். இது தொழில்முறை. வம்சத்தைப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்கமாட்டார்கள்.

இரண்டு பந்தயத்துக்கே வரவில்லை. ஒன்று ஹைதராபாத்தில் ஒரு தடவை ஜெயித்திருக்கிறது. ஒன்று கால் முறிந்து போய்விட்டது. ஐந்தாவது ரெட் லெட்டர், லேட்டுவுக்கு மூத்தவன். கொடைக்கானல் ஏரியில் சவாரிக் குதிரையாக இருக்கிறான் என்றார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

ரூபன் போன் செய்தான்.

லேட்டுவின் கடைசி ஓட்டத்தில் அவள்மேல் இருந்த ஜாக்கி அவன்தான். அன்றைக்கு விழுந்ததில் இடுப்பெலும்பு நொறுங்கி, இப்போது வலது காலை இழுத்துத்தான் நடக்கிறான். மனைவி வளர்மதியின் ஊரான ஈரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் வேலை. வருடத்துக்கு ஓரிரு முறை கூப்பிடுவான்.

"லேட்டுக்கு குட்டி எடுக்கப் போறீங்களாமே சார். லாயத்துல பேசிக்கிறாங்க."

"இன்னும் முடிவு பண்ணலப்பா."

"எடுங்க சார். எனக்கும் ஒரு ஆறுதலா இருக்கும். அன்னிக்கு நான்தான் அவள ரொம்ப அடிச்சிட்டேன். மூணு தடவ சாட்டைய எடுத்தேன். அதுல மெரண்டுதான் நின்னுட்டா. நான் கைய வச்சுக்கினு சும்மா இருந்திருந்தா எல்லாம் நல்லா இருந்திருக்கும். வளர்மதிகூட அதத்தான் சொல்லுவா. உன் அவசரம்தான் உன் கால எடுத்துச்சுன்னுவா."

வெயில் எப்படி என்று கேட்டேன். ஈரோட்டு வெயிலைப் பற்றிச் சொன்னான். வைத்துவிட்டான்.

இன்று தவிடு தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 22, சனி

லேட்டு பருவத்துக்கு வந்துவிட்டாள். காலையிலிருந்து வேலியோரம் அங்கும் இங்கும் ஓடுகிறாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பொலிகுதிரை கனைத்தால் இவள் அப்படியே நின்று காதை உயர்த்துகிறாள். கொள்ளுத் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டாள்.

சென்னியப்பன் ஆள் அனுப்பினார். அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் இருக்கிறது. ரெட் லெட்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் முறை.

மார்ச் 1, சனி

பழனி வழியாகப் பஸ்ஸில் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. ஏரியைச் சுற்றிக் குதிரைகள் நின்றன. ரெட் லெட்டரை நானே கண்டுபிடித்தேன். அதே தலை, நெற்றியில் அதே சின்ன வெள்ளைக் கீற்று. கழுத்தில் ஊதா நிற நைலான் பூமாலை. இங்கே அவன் பெயர் சுல்தான்.

அவனை வைத்திருப்பவர் காதர். முப்பத்தைந்து வயது இருக்கும். குதிரையை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். உடம்பில் சேணப் புண் இல்லை. லாடம் புதிது. நான் பந்தய லாயத்தில் இருந்தவன் என்றதும் சேணத்தைக் கழற்றிக் காட்டினார்.

"பந்தயத்துல ஓடுனவன்னு சொல்லித்தாண்ணே குடுத்தாங்க. ஆனா நான் ஓட்டுறதில்ல. நடைதான்."

"ஏன், கால் சரியில்லையா?"

"காலெல்லாம் நல்லாருக்குண்ணே. வேகமா மேட்டுல ஏத்துனா மூக்குல ரத்தம் வந்துரும். மொதத் தடவ பாத்தப்ப ஏறியிருந்த பொண்ணு கத்திருச்சு. எனக்கும் கையும் ஓடல காலும் ஓடல. டாக்டரு, நுரையீரல்லருந்து வருது, வெரட்டாம வச்சிருந்தா ஒண்ணும் செய்யாதுன்னாரு. அதுலருந்து நடைதான்."

"உங்ககிட்ட குடுத்தவங்க இத முன்னாடியே சொல்லலையா?"

காதர் சிரித்தார். "யாருண்ணே சொல்லுவா?"

சுல்தான் என் சட்டைப் பையை முகர்ந்தான். ஒன்றும் கொண்டுபோகவில்லை. கடையில் கேரட் வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

எஸ்தர் கேட்டாள். குதிரை நன்றாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 3, திங்கள்

எழுத எதுவுமில்லை. கொள்ளு சரியாக வேகவில்லை.

மார்ச் 8, சனி

ஐந்து நாளாக இந்த நோட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய நவம்பர். பயிற்சியாளருக்கு உடம்பு முடியாமல் போய் லாயம் முழுவதும் முதல் தடவையாக என் பொறுப்பில் வந்தது. இருபத்திரண்டு குதிரைகள். அந்த வாரம் லேட்டு ஓட வேண்டியிருந்தது. ஜெயிக்கும் நிலையில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சி முடிந்து வந்து நின்றபோது இடது மூக்குத் துவாரத்தில் ஒரு நூல் அளவுக்கு ரத்தம் இருந்தது. அவளைப் பராமரிக்கும் சைஸ் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. நான் சட்டைக் கையால் துடைத்துவிட்டேன்.

சொல்லியிருந்தால் அவளை நிறுத்தியிருப்பார்கள். சில வாரங்களுக்குத்தான். ஒரு துளிதானே, மூக்கில் எங்கேயோ கீறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. பதினெட்டு வருடம் குதிரைகளோடு இருந்தவன் நான்.

சனிக்கிழமை கடைசித் திருப்பம்வரை அவள்தான் முன்னால் வந்தாள். நேர்ப்பாதையில் பாதி தூரம்கூட வரவில்லை, மூச்சு அடைத்தமாதிரி ஓட்டம் விட்டுப்போனது. ரூபன் சாட்டையை எடுத்தான். அவனுக்குத் தெரியாதே. பின்னால் வந்த குதிரை அவள் குதிகாலில் மோதி, லேட்டு தடுமாறி, அவன் விழுந்தான். இன்னொரு குதிரை அவன்மேல் ஏறிப் போனது.

எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் லேட்டுவிடம் ஓடினேன். இரண்டு துவாரத்திலும் ரத்தம் இருந்தது. வாளித் தண்ணீரில் அவள் முகத்தைக் கழுவினேன். மண்ணும் நுரையும் ரத்தமும் சேர்ந்து போனது. அதன் பிறகுதான் ரூபனைப் பார்க்கப் போனேன். ஆம்புலன்ஸ் கதவை மூடிவிட்டிருந்தார்கள்.

முன்னங்கால் வீக்கம் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அவள் கால் எப்போதும் வீங்கியதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நோட்டை எஸ்தரிடம் கொடுத்தேன். நேற்று எழுதியதைப் படித்தாள். திரும்பவும் ஒரு முறை படித்தாள்.

"எனக்கு அப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும். நீங்க வேலைய விட்டதுக்குச் சொன்ன காரணம் எதுவும் ஒட்டல. ஆனா இதுன்னு நினைக்கல."

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லணும்" என்றாள்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? கால் திரும்ப வருமா?"

"வராது. ஆனா அவன் இன்னும் அவனையே அடிச்சிட்டிருக்கானே."

நோட்டை மூடி மேஜைமேல் வைத்தாள். மத்தியானம் எனக்கு மட்டும் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

மார்ச் 15, சனி

லேட்டு மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டாள். டாக்டர் நேற்று ஸ்கேன் பார்த்து, முட்டை பக்குவமாக இருக்கிறது, சனிக்கிழமை காலை கொண்டுவாருங்கள் என்றிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. ரெட் லெட்டரைப் பார்த்த பிறகும், எல்லாவற்றையும் எழுதிய பிறகும் எதுவும் சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏழு மணிக்கு அவளைக் குளிப்பாட்டி, வாலில் துணி சுற்றி, வாய்க்கால் பாலம் வழியாகக் கூட்டிப் போனேன். அவள் என்னை இழுத்துக்கொண்டுதான் போனாள். சென்னியப்பன் கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே பொலிகுதிரை தரையைக் குளம்பால் தட்டும் சத்தம் கேட்டது. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அன்னைக்கு நீங்க ரத்தம் வந்திருக்கான்னு கேட்டீங்க. வந்திருக்கு. ரெண்டு தடவை. இவளோட அண்ணனுக்கும் வருது. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். சென்னியப்பன்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்க, இதுக்குப் போயி இப்புடி மொகத்த வச்சிருக்கறீங்க? ஓடற குதிரைல பாதிக்கு வருமுங்க. வெளிய தெரியறது கொஞ்சம், தெரியாதது மிச்சம். குட்டிக்கு வந்தாத்தான் வந்துச்சு. கட்டிருங்க, பாத்துக்கலாம்."

"டாக்டர், நீங்க என்ன சொல்றீங்க?"

"கண்டிப்பா வரும்னு சொல்ல மாட்டேன். வராதுன்னும் சொல்ல முடியாது. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் இருக்குன்னா நானா இருந்தா யோசிப்பேன். குதிரை உங்களது சார். முடிவும் உங்களதுதான்."

வாசல் திறந்தே இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆமாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. இந்தக் குட்டி பிறந்து, வளர்ந்து, மூன்று வயதில் யாரோ ஒருவனை முதுகில் வைத்துக்கொண்டு நேர்ப்பாதையில் வருவதை நினைத்துப் பார்த்தேன். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் பந்தயப் பாதையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அதன் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாங்க" என்றேன்.

சென்னியப்பனுக்கு வருத்தம்தான். "ஒண்ணர மாசமா நானும் காத்துட்டிருந்தனுங்க" என்றார்.

லேட்டு வர மறுத்தாள். பாலத்தில் நின்றுகொண்டு திரும்பித் திரும்பிக் கனைத்தாள். ஐம்பது அடியைக் கடக்க அரை மணி நேரம். என் முடிவு அவளுக்கு எதற்கு? அவளுக்கு வேண்டியது அந்தக் கொட்டகைக்குள் இருந்தது. கயிறு உரசி என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

இன்னும் கனைக்கிறாள். சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஈரோடு. எஸ்தரும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

லாரி ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் உண்டு. ரூபன் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தான். எழுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. எதிர்க் கடையில் டீ சொன்னான். லேட்டு எப்படி இருக்கிறாள், குட்டி தங்கிவிட்டதா என்று கேட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஆம்புலன்ஸ் கதவுவரை சொன்னேன். டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. முடித்ததும் அவன் மேஜையிலிருந்த ரசீதுப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே சார்" என்றான். "தினமும் வந்தீங்க. எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்க. அப்ப நான் உங்ககிட்ட என்னா சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. உன் தப்புன்னு சொன்ன."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"மனசப் போட்டுக் கொழப்பிக்காதன்னு சொன்னேன்."

"ஆமா" என்றான். "அதத்தான் சொன்னீங்க."

லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்தார். ரூபன் சீட்டை வாங்கிப் பார்த்தான். அதைப் பார்த்துக்கொண்டே, "நீங்க கெளம்புங்க சார்" என்றான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரூபனிடமிருந்து ஒன்றுமில்லை. பழைய பயிற்சியாளருக்கும் முதலாளிக்கும் கடிதம் எழுதி அனுப்பினேன். முதலாளியிடமிருந்து பதில் இல்லை. பயிற்சியாளர் போனில் கூப்பிட்டு, "இப்ப எதுக்குடா இது?" என்றார். பிறகு அவரே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மழை. கூரையில் ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட்டேன். போன் அடிக்கும்போதெல்லாம் ஓடுகிறேன். எல்லாம் வேறு யாரோ.

ஜூன் 4, புதன்

சென்னியப்பன் வந்தார். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான். தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் நான்கும் கத்திக் கத்தி வேலியில் மோதிக்கொள்கின்றனவாம். பெரிய குதிரை ஒன்று கூடவே நின்றால் அடங்கிவிடும், ஆனால் குணம் நல்லதாக இருக்க வேண்டும் என்றார்.

"உங்க லேட்டுவ உடறீங்களா? ஒரு ரெண்டு மாசத்துக்கு."

கூட்டிப் போய் விட்டேன். நான்கும் அவளைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று மடியைத் தேடியது. லேட்டு காலைத் தூக்கி நகர்த்திவிட்டாள், உதைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மேயப் போனாள். நான்கும் பின்னாலேயே போயின.

ஜூன் 15, ஞாயிறு

பதினொரு மணிக்கு ரூபன் கூப்பிட்டான்.

"சார், நான் கோவமாத்தான் இருக்கேன்" என்றான். "அது போவாது. போன வாரம்கூட உங்கள நெனச்சு ஒரு டிரைவர்கிட்ட கத்திட்டேன்."

"சரிப்பா."

"நான் அத எதுக்கும் கூப்புடல. வீட்ல சொன்னேன், நம்ப மாட்டேங்கறா. மூணு வருசமா என் அவசரத்தாலன்னு நானே சொல்லிக்கினு இருந்தேன் இல்ல. இப்ப வந்து குதிரைக்கு ரத்தம்னா, சும்மா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்கறா. நீங்க சொல்லுங்க அவகிட்ட. எனக்குச் சொன்ன மாதிரியே. ஒண்ணும் உடாம."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. எஸ்தர் கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"நான் வளர்மதி பேசறனுங்க" என்றது ஒரு குரல். "சொல்லுங்க."

"அது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில நடந்ததும்மா" என்று ஆரம்பித்தேன்.